சந்தைக்குப் போகிற வழி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே இருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

காட்டுப்பள்ளியில இருந்து பேசுறேன். நடுவுல லாரி சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, இங்க கன்டெய்னர் வண்டிக்கு ராத்திரி பகல் கிடையாது.

இன்னைக்கு ஒரு குதிரைச் சந்தையைப் பத்திப் பேசலாம். இங்கிலாந்தோட வடக்குல, கம்ப்ரியா பகுதியில ஆப்பிள்பீன்னு ஒரு சின்ன ஊர். அங்க வருஷா வருஷம் ஜூன் மாசம் ஒரு வாரம் நடக்குற சந்தை அது. 2024-ல அம்மாவும் நானும் போனோம். ஆனா இது டிராவல் எபிசோட் இல்ல. எனக்கு ஒரே ஒரு கேள்விதான்: ஒரு கால்நடைச் சந்தை எப்போ சாகும்?

முதல்ல எப்படிப் போனோம்னு சொல்லிடுறேன். நான் லீட்ஸ்ல எட்டு மாசம் ஆன்சைட்ல இருந்தேன். அம்மாவை விசிட்டர் விசாவுல வரவழைச்சேன். அம்மாவுக்கு அதுதான் முதல் ஃப்ளைட். கோட்டை, மியூசியம்னு நான் போட்ட லிஸ்ட்டைக் கேட்டுட்டு, "செத்த ராஜா வூட்டப் பார்த்து நான் இன்னாடி பண்றது?"ன்னு கேட்டாங்க. ஆபீஸ்ல ஒருத்தர் இந்தச் சந்தையைப் பத்திச் சொன்னதும், நாங்க ரெண்டு பேரும் கார்லைல் போற ரயில்ல ஏறிட்டோம். ரிபிள்ஹெட்னு ஒரு இடத்துல 24 வளைவு வச்ச பெரிய கல் பாலம் மேல ரயில் போகும். அம்மா பாலத்தைப் பார்க்கல. ரெண்டு பக்கமும் மேயுற ஆட்டைத்தான் எண்ணிட்டு வந்தாங்க.

இப்போ சந்தையைப் பத்தி. ஆப்பிள்பீ ஊரோட ஜனத்தொகை சுமார் 3,000. சந்தை வாரத்துல ஜிப்ஸி மக்களும் டிராவலர் மக்களும் மட்டுமே 10,000 பேர் கிட்ட வருவாங்க. வேடிக்கை பார்க்க வர்றவங்க இன்னொரு 30,000. 1685-ல இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் கொடுத்த சாசனத்தால ஆரம்பிச்சதுன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க. ஆராய்ச்சி பண்ணவங்க அது சரியில்லன்னு காட்டிட்டாங்க. இப்போ நடக்குற சந்தை 1775-ல் தொடங்கியது. அதாவது இந்தச் சந்தையை எந்த ராஜாவும் கொடுக்கல. மக்கள் வந்தாங்க, திரும்பத் திரும்ப வந்தாங்க, அதனால அது சந்தை ஆச்சு.

அம்மாவுக்கு முதல்ல கண்ணுல பட்டதே அதுதான். "இன்னாடி இது, கேட்டும் இல்ல, டிக்கெட்டும் இல்ல?" நிஜமாவே இல்ல. மேட்டுல வில்லு மாதிரி வளைஞ்ச கூரை போட்ட வண்டிங்க வரிசையா நிக்குது. அம்மா, "நம்ம கூண்டு வண்டிதான், பெயிண்ட் மட்டும் கல்யாண வூடு"ன்னாங்க. கீழே ஈடன் ஆத்துல பசங்க குதிரை மேலயே உட்கார்ந்து தண்ணியில இறக்கிக் குளிப்பாட்டுறாங்க. இன்னொரு பக்கம் ஒரு நீள ரோடு. விக்கிற குதிரையை அதுலதான் ஓட்டிக் காட்டுவாங்க. ஜனங்க ஓரமா ஒதுங்கி நிக்கணும், இல்லன்னா சாரட்டு மேல ஏறிடும்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா அங்க நான்தான் கைநாட்டு. குளம்புக்கு மேல பாவாடை கட்டின மாதிரி ரோமம் தொங்குற ஜிப்ஸி காப் ரகக் குதிரைங்க. நான் அழகை ரசிச்சுட்டு இருந்தேன். அம்மா சொன்னாங்க: "ஓடும்போது எல்லாம் நல்லாத்தாண்டி இருக்கும். ஓடி முடிச்சு நிக்கும்போது பாரு, எந்தக் கால ஊனாம நிக்குதுன்னு." ஒருத்தர் வயசு பார்க்கக் குதிரை வாயைத் திறந்தார். அம்மா கிட்டப் போய் எட்டிப் பார்த்து அப்படியே நின்னுட்டாங்க. "இதுக்கு மேல் பல்லு கீதுடி!" மாட்டுக்கு முன்பக்கம் கீழ்ப் பல்லு மட்டும்தான். குதிரைக்கு ரெண்டு வரிசையும் உண்டு. இருபது வருஷம் மாடு வச்சிருந்தவங்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தின்னு அவங்க முகத்தைப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

விலை பேசுற விதம் நமக்கு நேர் எதிர். நம்ம ஊர் மாட்டுச் சந்தையில கை மேல துண்டைப் போட்டு, உள்ள விரலைப் பிடிச்சு விலை சொல்லுவாங்க. பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியாது. எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா என்கிரிப்ஷன். ஆப்பிள்பீயில எல்லாம் ஓப்பன். ஒவ்வொரு விலைக்கும் ஒரு கைத்தட்டு. வாங்குறவர் கையையும் விக்கிறவர் கையையும் நடுவுல ஒரு ஆள் இழுத்துச் சேர்த்து வைக்கிறார். அம்மா உடனே "தோ, தரகரு"ன்னாங்க. பேரம் படிஞ்சா விக்கிறவர் கொஞ்சம் காசை ராசிக்குன்னு திருப்பிக் கொடுக்குறார்.

ஆத்தங்கரையில ஒரு வயசான அம்மா, குதிரையோட நின்ன பேரன்கிட்ட ஏதோ சொன்னாங்க. அதுல "பானி"ன்னு ஒரு வார்த்தை. அம்மா சட்டுன்னு திரும்பினாங்க. எங்க அம்மா இப்போ வீட்டு வாசல்ல டிபன் கடை போட்டிருக்காங்க. வடக்கத்தித் தொழிலாளிங்க "பானி"ன்னு கேட்டுத்தான் தண்ணி வாங்குவாங்க. "இவங்களும் அந்தப் பக்கமா?"ன்னு கேட்டாங்க. கேள்வி சரிதான். ரோமானி மொழி இந்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததுன்னு 18-ம் நூற்றாண்டு கடைசியிலேயே மொழி ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சுட்டாங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வடக்கு இந்தியாவுல இருந்து கிளம்பினவங்களோட வார்த்தை அது. ஆனா சந்தைக்கு வர்ற எல்லாரும் ரோமானி இல்ல. ஐரிஷ் டிராவலர் மக்களுக்குத் தனி வேர், தனிப் பேச்சு.

சரி, கேள்விக்கு வருவோம். சந்தை எப்போ சாகும்? ஆள் வராம போனா, வியாபாரம் குறைஞ்சான்னு நினைப்போம். ஆப்பிள்பீ 2020-ல கொரோனாவால நடக்கல, 2021-ல ஆகஸ்ட்டுக்குத் தள்ளிப் போச்சு. அப்புறம் பழையபடி கூட்டம் வந்துடுச்சு. ஒரு வருஷம் நின்னா சந்தை சாகாது. உண்மையான ஆபத்து சந்தைத் திடல்ல இல்ல, வழியில இருக்கு. குதிரை வண்டியில வர்றவங்க நாள் கணக்கா ரோட்டுல வரணும். ராத்திரி எங்கேயாவது நிறுத்தணும், குதிரை புல்லு மேயணும். 1994-ல ஒரு சட்டம், இவங்களுக்குத் தங்குமிடம் அமைச்சுக் கொடுக்கணும்ங்கற உள்ளாட்சிகளோட கடமையை நீக்கிடுச்சு. 2022-ல இன்னொரு சட்டம், அனுமதியில்லாம தங்கினா வண்டியைப் பறிமுதல் பண்ணலாம், சிறைக்கும் அனுப்பலாம்னு சொல்லுது. காலி பண்ண இடத்துக்கு ஒரு வருஷம் திரும்பக் கூடாதுங்கற பிரிவு மனித உரிமைக்கு முரணானதுன்னு 2024 மே மாசம் லண்டன் உயர் நீதிமன்றம் சொல்லிச்சு. நாங்க போனது அதுக்கு அடுத்த மாசம். சந்தையை யாரும் தடை பண்ணல. வழியில நிக்கிறதுதான் குத்தம்.

இதே கதை நம்மகிட்டயும் இருக்கு. ஈரோடு மாவட்டம் அந்தியூர்ல, குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவோட மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் நடக்குது. பக்கத்து மலையோட பர்கூர் மாடு அங்க பேர் போனது. அந்த மாடு தொழுவத்துல தீவனம் தின்னு வளர்ற ரகம் இல்ல, காட்டுல மேயுற ரகம். 2022 மார்ச்ல சென்னை உயர் நீதிமன்றம் காடுகள்ல மேய்ச்சலுக்குத் தடை போட்டது. பிறகு அந்தத் தடை சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம்னு சுருங்கினது. 2024 ஜனவரியில அந்தியூர் பக்கத்துக் காடு தந்தை பெரியார் சரணாலயம் ஆச்சு. காட்டைக் காப்பாத்தணும்ங்கறதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா ஆடி மாசம் அந்தியூர்ல நிக்கிற மாட்டை மீதி பதினோரு மாசம் அந்த மலைதான் வளர்க்குது. மலையில இடம் இல்லாம சந்தையை மட்டும் பாரம்பரியம்னு போஸ்டர் அடிச்சு என்ன பண்றது?

எங்க வீட்டுலயும் மூணு மாடு இருந்துச்சு. காலையில அவுத்து விட்டா பனங்காட்டுப் பக்கம் மேய்ஞ்சுட்டு சாயந்திரம் தானா வந்துடும். அப்புறம் ஒவ்வொண்ணா வேலி வந்துச்சு, ரோடு வந்துச்சு, மாடு ரோட்டைத் தாண்ட முடியாம போச்சு. நான் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது கடைசி மாட்டைத் தரகர் வந்து ஓட்டிட்டுப் போனார். கயிறு மாத்திட்டுத்தான் போவாங்க, விக்கிறவங்க கயிறு விக்கிறவங்களுக்கே. அந்தக் கயித்துலதான் இப்போ துணி காயுது. அந்தக் காசுதான் என் நாலாவது செமஸ்டர் ஃபீஸ். அதனால மாடு போனது நஷ்டம்னும் லாபம்னும் என்னால சுலபமா சொல்ல முடியல. ஆப்பிள்பீயில இருந்து திரும்புற ரயில்ல அம்மாகிட்ட கேட்டேன், திரும்ப மாடு வாங்கலாமாம்மான்னு. "வாங்கிட்டு எங்கடி அவுத்து வுடுவ?"ன்னாங்க. காசு பத்தலன்னு சொல்லல. இடம் இல்லன்னு சொன்னாங்க.

சென்னையில மந்தைவெளின்னு ஒரு இடம் இருக்குல்ல? மந்தை மேய்ஞ்ச வெளி. பேர் மட்டும் பஸ் போர்டுல மிச்சம். உங்க ஊர்லயும் 'மேய்க்கால் புறம்போக்கு'ன்னு வருவாய்த் துறைக் கணக்குல நிலம் இருக்கலாம். தமிழ்நாடு அரசோட இ-சேவைத் தளத்துல அ-பதிவேடு பார்க்க முடியும். சர்வே நம்பர் போட்டு உங்க ஊர் நிலம் என்ன வகைன்னு பாருங்க. பார்த்துட்டு நேர்ல ஒரு தடவை போய் நில்லுங்க, புல்லு இருக்கா, கட்டடம் இருக்கான்னு. வீட்டுல மாடு வச்சிருந்த பெரியவங்களையும் கூட்டிட்டுப் போங்க, நமக்குத் தெரியாத எல்லை அவங்களுக்குத் தெரியும்.

என்ன பார்த்தீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நல்லதுல நாலஞ்சை அடுத்த எபிசோட்ல போடுறேன்.