வாசலுக்கு வந்தவர்கள் யார் என்று யாரிடம் கேட்பார்கள்?

(கிழக்கு லண்டனில் நடந்த இளையோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



போன சந்திப்பு முடிஞ்சு வெளிக்கிடேக்க ஒரு தங்கச்சி வந்து கேட்டா: "அண்ணா, அம்மா வீட்டு வாசலில கமரா பூட்டவேணும். கிளவுட்டில பதியிறதை வாங்கவா, வீட்டுக்குள்ளயே பதியிறதை வாங்கவா?" நான் வயரிங் வேலை செய்யிற ஆள். சனி ஞாயிறில கமராவும் பூட்டிக் குடுக்கிறனான். இரண்டு நிமிசத்தில சொல்லி முடிக்கலாம் எண்டு தொடங்கி, எங்கட பஸ் இரண்டு போயிட்டுது. அதால இண்டைக்கு இதையே கதைக்கச் சொல்லிப்போட்டினம்.

கமரா வேண்டாம் எண்டு சொல்ல நான் வரேல்லை. எங்கட வீடுகளில நகை இருக்கெண்டு களவெடுக்கிறவனுக்கு நல்லாத் தெரியும். தென்னாசிய வீடுகளில நடக்கிற தங்க நகைக் களவு பற்றி லண்டன் பொலிசே பலமுறை எச்சரிச்சிருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா, தாலிக்கொடியும் காப்பும் களவு போன பிறகு மூண்டு மாசம் பின்கதவுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டுத்தான் நித்திரை கொண்டவ. அவவிட்டப் போய் கண்காணிப்பு முதலாளித்துவம் எண்டு வகுப்பெடுக்க எனக்கு வாய் வராது. அவவுக்குக் கமரா வேணும். எப்பிடிப்பட்ட கமரா எண்டதுதான் கேள்வி.

கிளவுட் எண்டா படம் ஆகாயத்தில மிதக்கேல்லை. இன்னொருத்தரின்ர கட்டடத்தில, இன்னொருத்தரின்ர கொம்பியூட்டரில உங்கட வாசல் கிடக்குது. ரிங் அழைப்புமணியை எடுங்கோ. அசைவு தெரிஞ்சவுடன படம் உங்கட வைஃபை ஊடா அமேசனின்ர சேர்வருக்குப் போகும். பிறகு நீங்கள் போனில தட்டிப் பாக்கிற பதிவு அங்கயிருந்து திரும்பி வாறது. மாதச் சந்தா கட்டாட்டி பதிவு இல்லை, நேரலை மட்டும்தான். கமராவைக் காசு குடுத்து வாங்கின பிறகு அதின்ர ஞாபகத்துக்கு வாடகையும் கட்டுறம். உள்ளூர்ப் பதிவு எண்டா படம் வீட்டுக்குள்ளயே நிக்கும்: கமராவுக்குள்ள ஒரு மெமரி கார்ட்டில, இல்லாட்டி என்விஆர் எண்டு சொல்லுற பெட்டிக்குள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்கில.

கடையில கேட்டா விலையைப் பற்றியும் படத்தின்ர தெளிவைப் பற்றியும் சொல்லுவினம். களவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனா என்ன செய்வியள் எண்டும் கேப்பினம். அதுவும் கேக்கவேண்டியதுதான், பிறகு வாறன். நான் முதல்ல கேக்கிறது வேற. நாளைக்கு ஒருத்தர் அந்தப் படம் வேணுமெண்டு வந்தால், ஆரின்ர கதவைத் தட்டுவார்?

படம் உங்கட வீட்டில இருந்தா உங்கட கதவைத்தான் தட்டவேணும். பொலிஸ்காரர் மரியாதையாக் கேட்டா, அது வேண்டுகோள். வாரண்ட் அல்லது நீதிமன்ற உத்தரவு இல்லாத வரைக்கும் யோசிச்சுச் சொல்லுறன் எண்டு சொல்லலாம், சட்டத்தரணியைக் கூப்பிடலாம். வாரண்டோட வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும், தூக்கிக்கொண்டு போனது உங்களுக்குத் தெரியும். அந்தப் படத்தில ஆர் ஆர் இருக்கினம் எண்டு யோசிச்சு, அவையளுக்கு ஒரு போன் எடுக்கலாம். கிளவுட்டில இருந்தா அந்தக் கேள்வி உங்கட முதுகுக்குப் பின்னால கேக்கப்படும். பதிலும் அங்கயே குடுபடும்.

இது கற்பனை இல்லை. 2022 ஜூலையில் அமெரிக்க செனட்டர் எட் மார்க்கிக்கு அமேசன் எழுதிய கடிதத்தில், அந்த ஆண்டில் மட்டும் அதுவரை 11 தடவை, வீட்டுக்காரரின் சம்மதமும் வாரண்டும் இல்லாமல், அவசரநிலை என்ற காரணத்தில் ரிங் பதிவுகளைப் பொலிசுக்குக் கொடுத்ததாக ஒத்துக்கொண்டது. செயலிக்குள்ளாலயே பொலிஸ் பாவனையாளரிட்டப் படம் கேக்கிற வசதியை 2024 ஜனவரியில நிப்பாட்டினவை. அடுத்த வருசமே, டேசர் துவக்குச் செய்யிற அக்சன் கொம்பனியோட கூட்டுச் சேர்ந்து வேறொரு வடிவத்தில திரும்பக் கொண்டுவந்திட்டினம்.

அது அமெரிக்கா, நாங்கள் லண்டனில இருக்கிறம் எண்டு சொல்லுவியள். 2018இல் அமெரிக்கா கொண்டுவந்த கிளவுட் சட்டத்தின் கீழ் பிரித்தானியாவும் அமெரிக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தன. அது 2022 ஒக்டோபர் 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. கடுமையான குற்றங்கள் என்று வகைப்படுத்தப்பட்டவற்றில், இங்குள்ள அமைப்புகள் அமெரிக்கக் கொம்பனிகளிடமே நேரடியாகத் தரவைக் கேட்கலாம். ஈஸ்ட்ஹாமில இருக்கிற வாசலுக்கு சியாட்டிலில ஒரு கதவு இருக்கு. அந்தக் கதவைத் தட்டினா உங்களுக்குச் சத்தம் கேக்காது.

பொலிசை விடுங்கோ. 2023 மே மாதம் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு ரிங் மேல் போட்ட வழக்கில், ஒரு ஊழியர் குறைந்தது 81 பெண்களின் ஆயிரக்கணக்கான பதிவுகளைத் திறந்து பார்த்தது வெளியில் வந்தது. குளியலறை, படுக்கையறையில இருந்த கமராக்கள். 58 இலட்சம் டொலர் கட்டி வழக்கை முடிச்சினம்.

இனி எங்கட கதைக்கு வாறன். வாசல் கமரா களவனைப் பிடிக்கிறது வருசத்தில ஒரு நாளோ, ஒரு நாளும் இல்லையோ. மிச்ச நாளெல்லாம் அது எங்கட ஆக்களைத்தான் பதியுது. எங்கட வீடுகளுக்கு ஆர் வாறது? அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, அடுத்த முறையீடு வரைக்கும் மாமி வீட்டு அறையில தங்கியிருக்கிற அண்ணா. கையில காசு வாங்கி வேலை செய்யிற அக்கா. ஊரில காணாமல் ஆக்கப்பட்டோரின்ர போராட்டத்தில நிண்டிட்டு இங்க வந்து ரெண்டு கிழமை நிக்கிற ஆக்கள். கூட்டம் வைக்க மண்டபக் காசு இல்லாம எங்கட வரவேற்பறைக்கு வாற நீங்கள். ஆர் வந்தது, எத்தினை மணிக்கு வந்தது, எத்தினை மணிக்குப் போனது, ஆரோட சேர்ந்து போனது, எல்லாம் திகதி போட்டு அடுக்கி இருக்கு.

இந்தப் பட்டியலை எங்கட அம்மா அப்பாவுக்குத் தெரியும். கொழும்பில வெள்ளவத்தையிலயும் கொட்டாஞ்சேனையிலயும் இருந்தவையிட்டக் கேட்டுப் பாருங்கோ. வீட்டில ஆர் தங்கியிருக்கினம் எண்டு பொலிசில பதியவேணும். யாழ்ப்பாணத்திலயிருந்து சித்தப்பா வந்து ரெண்டு நாள் நிண்டாலும் அந்தக் கடதாசியோட ஓடவேணும். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியக்காலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர்நீதிமன்றம் தடுத்தது. அதுவும் இதுவும் ஒண்டெண்டு நான் சொல்லேல்லை. ஆனா அந்தக் கடதாசிக்குப் பயந்து இங்க வந்த அம்மா, இப்ப அதே மாதிரி ஒரு பட்டியலை மாதக் காசும் கட்டித் தானே எழுதிக்கொண்டிருக்கிறா. அவவுக்கு அது தெரியாது. அந்த மணியை வாங்கி நத்தாருக்குப் பரிசாக் குடுத்தது நாங்கள்தான்.

அப்ப வீட்டுக்குள்ள பதிஞ்சா எல்லாம் சரியோ? இல்லை. இந்த இடத்தில எங்கட இடதுசாரி ஆக்கள் கொஞ்சம் அவசரப்படுறவை. அமேசன் கூடாது, வீட்டுப் பெட்டி நல்லது எண்டு முடிச்சிடுவினம்.

நான் பூட்டின ஒரு கமராவைச் சொல்லுறன். ஒரு வீட்டில கணவன் தன்ர போனைக் கையில தந்தார், நான் அதிலயே கணக்கைத் திறந்து குடுத்திட்டு வந்திட்டன். கன நாளுக்குப் பிறகு அந்த அக்காவைக் கடையில கண்டன். அவர் வேலைத்தலத்தில இருந்துகொண்டு, இவ எத்தினை மணிக்கு வெளிக்கிட்டா, ஆரின்ர காரில வந்து இறங்கினா, கையில என்ன பை எண்டு பாத்துப் பாத்துப் போன் எடுக்கிறாராம். "தம்பி, அதைக் கழட்டினா ஏன் கழட்டினது எண்டு கேப்பார், கழட்டாட்டி இப்பிடி" எண்டு சொன்னா. கணக்கு ஆரின்ர பேரில எண்டு நான் அண்டைக்குக் கேட்டிருக்கவேணும். கேக்கேல்லை. அது வீட்டுக்குள்ள பதியிற பெட்டியா இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும், பெட்டிக்கும் ஒரு பாஸ்வேர்ட்தானே. இப்ப நான் ஆரின்ர வீட்டுக்குப் போனாலும், அந்த வீட்டில இருக்கிற வளந்த ஆக்கள் எல்லாருக்கும் வேற வேற உள்நுழைவு இல்லாமப் பூட்டுறதில்லை. வீட்டுக்குள்ள பாக்கிற கமரா பூட்டுறதேயில்லை. அறைகளை வாடகைக்கு விட்டிருந்த ஒருத்தர், ஆர் காஸ் கூடப் பாவிக்கினம் எண்டு பாக்கப் பொதுக் குசினியில ஒண்டு பூட்டச் சொன்னார். மாட்டன் எண்டிட்டன். வேற ஆள் வந்து பூட்டினதாக் கேள்வி.

உள்ளூர்ப் பதிவு எண்டு பெட்டியில எழுதியிருக்கிறதையும் அப்பிடியே நம்பக்கூடாது. யூஃபி கமராக்களைக் கிளவுட் இல்லை, எல்லாம் உங்கட வீட்டிலயே எண்டு சொல்லித்தான் வித்தவை. 2022 நவம்பரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் பார்த்தபோது, முகம் தெரியும் சிறு படங்கள் கொம்பனியின் கிளவுட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. நேரலையைச் சாதாரண வீடியோ மென்பொருளிலேயே வெளியிலிருந்து பார்க்க முடிந்ததும் தெரியவந்தது. கொம்பனி அதை ஒத்துக்கொள்ள அடுத்த ஜனவரி ஆனது. மற்றப் பக்கம், வெளியில இருந்து போனில பாக்கவேணும் எண்டு ரவுட்டரில ஒரு போர்ட்டைத் திறந்து விடுறவையும் இருக்கினம். 2016 ஒக்டோபரில் ருவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணிநேரம் படுத்தது ஞாபகம் இருக்கோ? தொழிற்சாலை பாஸ்வேர்டை மாத்தாம விட்ட கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் மிராய் எண்ட நச்சு மென்பொருள் பிடிச்சுச் செய்த வேலை அது.

அப்ப நான் என்ன பூட்டுவன்? வயரில ஓடுற கமரா ரெண்டு. ஒரே வயரில மின்சாரமும் படமும் போகும், வைஃபையைக் குழப்பி நிப்பாட்டவும் ஏலாது. பெட்டி டிவிக்குக் கீழ வேண்டாம், களவன் முதல்ல அங்கதான் பாப்பான். லொஃப்ட்டிலயோ படிக்குக் கீழ இருக்கிற அலுமாரியிலயோ வைச்சுப் பூட்டுங்கோ. கமராக்களுக்கு இணையத்தை ரவுட்டரிலயே நிப்பாட்டி, வெளியில இருந்து பாக்க வயர்கார்ட் மாதிரி ஒரு விபிஎன் போடுங்கோ. கணக்கும் லேசு: ஒரு கமரா செக்கனுக்கு 4 மெகாபிட் எண்டா ஒரு நாளைக்கு 43 ஜிகாபைட் சொச்சம். ரெண்டு கமராவை விடாமப் பதிஞ்சா ஒரு ரெறாபைட் டிஸ்க் 11 நாளுக்குக் காணும், பிறகு பழையதின்ர மேல புதுசு எழுதும். அதுக்கு மேல வைச்சிருக்க வேண்டாம். அழிஞ்சுபோன படத்தை ஆரும் கேக்க ஏலாது.

கமராவை உங்கட படலையை மட்டும் பாக்கத் திருப்புங்கோ. றோட்டும் பக்கத்து வீடும் விழுந்தா, தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். சத்தம் பதியிறதை நிப்பாட்டுங்கோ. 2021 ஒக்டோபரில் ஒக்ஸ்போர்ட் கவுண்டி நீதிமன்றம், அயலவரின் கமராக்களுக்கு எதிராக ஒரு பெண் கொண்டுவந்த வழக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. படம் போகாத தூரத்திலிருந்தும் சத்தத்தைப் பதிவது நியாயமில்லை என்றார் நீதிபதி. எங்கட ஆக்கள் வாசலில நிண்டுதான் முக்கியமான கதையெல்லாம் கதைக்கிறவை எண்டது உங்களுக்குத் தெரியும்.

இவ்வளவும் சொல்லிப்போட்டு, சில பேருக்கு நான் கிளவுட்தான் எடுங்கோ எண்டு சொல்லுறன். 2024 ஓகஸ்ட் கலவரத்தில பெல்ஃபாஸ்டில கடைகளைக் கொளுத்தினாங்கள். கடை எரிஞ்சா பெட்டியும் எரியும். இனவாதத் தாக்குதலுக்குப் பயப்பிடுற கடைக்காரருக்கு, ஒரு பிரதி வேற இடத்தில இருக்கிறதுதான் சாட்சி. அடிச்ச கணவனை விட்டிட்டு வந்து தனிய இருக்கிற பெண்ணுக்கும் அப்பிடித்தான், அவன் வந்து பெட்டியை உடைப்பான். அவைக்கு ரிங்கிலயே முழுவழி மறையாக்கம் எண்டு ஒரு தெரிவு இருக்கு. போட்டா திறப்பு உங்கட போனில மட்டும்தான் இருக்கும், கொம்பனியாலயும் படத்தைத் திறக்க ஏலாது. ஆனா அது தானா வராது, நீங்கள் தேடிப்போய்ப் போடவேணும். போட்டா ஆளை அடையாளம் காணுற மாதிரிச் சில வசதிகள் இல்லாமப் போகும். போகட்டும்.

அந்தத் தங்கச்சிக்கு நான் பிறகு சொன்னது இதுதான். முதல்ல அம்மாவிட்டக் கேளும், வீட்டுக்கு வந்து போற ஆக்களில ஆருக்கு இந்தப் படத்தால கரைச்சல் வரும் எண்டு. அம்மா ரெண்டு நாள் யோசிச்சிட்டு, மேல் அறையில இருக்கிற அண்ணாவின்ர பேரைச் சொன்னாவாம். வாற ஞாயிறு ஏணியோட போறன். வயர் இழுக்கப் பழக விருப்பமான ஆக்கள் ரெண்டு பேர் வரலாம், காலமை பத்து மணிக்கு. சாப்பாடு அம்மா தருவா.