கம்பெனிக் காசும் நோயாளிகள் சங்கமும்

முதலாளியிடம் பணம் வாங்கும் சங்கம் போனஸ் கேட்குமா? நோயாளிகள் சங்கத்துக்கும் இதுவே கேள்வி.

ஒசூரிலிருந்து பெங்களூரு கித்வாய் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுகிறோமே, அந்தப் புற்றுநோய் விஷயம்தான். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு நோவார்டிஸ் கம்பெனி விற்ற கிளிவெக் மாத்திரை அன்று மாதம் சுமார் 1,20,000 ரூபாய். நம் நாட்டுக் கம்பெனிகள் அதையே சுமார் 10,000 ரூபாய்க்குக் கொடுத்தன. நோவார்டிஸ் ஏகபோக விற்பனை உரிமை கேட்டது. ஆயிரக்கணக்கானோருக்கு இலவசமாகவும் கொடுத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால், அந்த மாத்திரையால் உயிர் வாழ்கிறவன் விலையைப் பற்றி வாய் திறப்பானா?

மும்பை புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் திறந்தது. அது ஆட்சேபித்த மனுவைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் தள்ளியது; 2013 ஏப்ரல் 1-ல் சுப்ரீம் கோர்ட்டும் தள்ளியது.

நம்மூரில் நோயாளிகள் சங்கம் தொடங்குவோர் வரவுக் கணக்கைச் சுவரில் ஒட்டட்டும். கம்பெனிப் பணம் வாங்கியவர், மருந்து விலைத் தீர்மானத்தில் ஓட்டுப் போடாமல் ஒதுங்கி நிற்கட்டும்.