பாட்டைக் கழித்தால் மிச்சம் என்ன? கிங் டப்பியும் டப் இசையும்

(சங்கத்தின் மாதாந்திர மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக.)

போன கூட்டத்தில் சர்க்கரை நோய், அதற்கு முந்தின கூட்டத்தில் சொத்து வரி. இந்த முறை ஜமைக்கா இசை என்றதும் செயலாளர் சற்றுத் தயங்கினார். அரை மணி நேரம்தான், நடுவில் டீ உண்டு என்றதும் சம்மதித்தார்.

ரெகே என்றால் நம்மில் பலருக்கு பாப் மார்லி படம் போட்ட டி-ஷர்ட் ஞாபகம் வரும். நான் பேசப்போவது மேடையில் நிற்காத ஒருவரைப் பற்றி. பெயர் ஆஸ்போர்ன் ரடக். 1941-ல் கிங்ஸ்டனில் பிறந்தவர். ஊரில் அவர் பெயர் கிங் டப்பி. பாடகர் இல்லை, பெரிய வாத்தியக்காரரும் இல்லை. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்ப்பவர்.

அந்த ஊரில் அந்த வேலைக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்று சொல்லிவிடுகிறேன். ஏழை மக்கள் நடனமாடப் போவது சவுண்ட் சிஸ்டத்துக்கு. நம் ஊரில் மைக் செட் கட்டுவார்கள் இல்லையா, அதைப் பத்து மடங்கு பெரிதாக்கிக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள். யாருடைய செட்டில் பேஸ் கனமாக விழுகிறதோ அங்கேதான் கூட்டம், அங்கேதான் பீர் விற்பனை. டப்பி தன் கையால் ஆம்ப்ளிஃபயர் கட்டி ‘ஹோம் டவுன் ஹை-ஃபை’ என்ற செட்டை நடத்தினார்.

1960-களின் கடைசியில் ஒரு சம்பவம். ரட்டி ரெட்வுட் என்று ஒரு செட்காரர். அவருக்காக ஒரு பாட்டைத் தட்டில் வெட்டிக்கொடுத்தபோது, ஸ்டூடியோக்காரர் பாடகர்களின் குரலைச் சேர்க்க மறந்துவிட்டார் என்பார்கள். ரெட்வுட் அதை எறியவில்லை. முதலில் பாட்டுள்ள தட்டு, அடுத்து குரலில்லாத தட்டு என்று போட்டார். கூட்டமே வாயால் பாடியது! அன்றிலிருந்து ரெக்கார்டின் பின்பக்கத்தில் குரல் நீக்கிய ‘வெர்ஷன்’ போடுவது வழக்கமாயிற்று. தயாரிப்பாளர்களுக்கும் மகிழ்ச்சி. பின்பக்கத்துக்கு இன்னொரு பாட்டு வாங்க வேண்டாம், வாத்தியக்காரர்களுக்கு இன்னொரு கூலி தர வேண்டாம்.

அந்தக் காலிப் பக்கத்தில் பேசிக்கொண்டே தாளம் பிடித்தவர் யூ-ராய், டப்பியின் செட்டில் மைக் பிடித்தவர். 1970-ல் அவருடைய மூன்று ரெக்கார்டுகள் ஜமைக்கா வரிசையில் முதல் மூன்று இடங்களில் நின்றன. இன்றைய ராப் இசையின் வேரைத் தேடுபவர்கள் இவரிடமும் வந்து நிற்பார்கள்.

டப்பிக்கு வருவோம். வாட்டர்ஹவுஸ் என்ற பகுதியில், ட்ரோமிலி அவென்யூவில் அம்மாவின் வீடு. அங்கே ஓர் அறையில் ஸ்டூடியோ. பாடகர் நிற்கும் இடம் குளியலறை. பெரிய ஸ்டூடியோ ஒன்று கழித்துக் கட்டிய நான்கு டிராக் மிக்ஸிங் மேசையை வாங்கிப் போட்டார். வாத்தியக் குழு உட்காரவே அங்கே இடமில்லை. தயாரிப்பாளர்கள் வேறு இடத்தில் பதிவு செய்த டேப்பைக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

நான் வங்கியில் காலம் தள்ளியவன், எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நான்கு பத்தி உள்ள லெட்ஜர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பத்தியில் ட்ரம்ஸ், ஒன்றில் பேஸ், ஒன்றில் கிதாரும் ஆர்கனும், கடைசியில் குரல். மற்றவர்கள் நான்கையும் கூட்டிக் கீழே தொகை போட்டார்கள். டப்பி கழிக்க ஆரம்பித்தார்.

முதல் வரியில் குரல் இருக்கும். பாதிச் சொல்லில் இழுத்து மூடிவிடுவார். அந்தப் பாதிச் சொல் மட்டும் எக்கோவில் விழுந்து, கிணற்றில் விழுந்த கல் மாதிரித் திரும்பத் திரும்பக் கேட்டு மறையும். கிதார் ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போய்விடும். மிச்சம் ட்ரம்ஸும் பேஸும்தான். மேசையில் ஒரு பெரிய திருகு. அதைத் திருப்பினால் கனமான ஓசை படிப்படியாக வடிந்து, மேலோசை மட்டும் சீறிக்கொண்டு நிற்கும். ஸ்பிரிங் வைத்த ரிவெர்ப் பெட்டியைக் கையால் தட்டினால் இடி இறங்கும். எல்லாம் டேப் ஓடும்போதே, ஒரே ஓட்டத்தில் செய்வது. அதே டேப்பை மறுபடி ஓட்டினால் வேறொரு பாட்டு வரும்.

கருவியை உள்ளே திறந்து பார்த்த மனிதனுக்குத்தான் இது தோன்றும் என்பது என் அபிப்பிராயம். இசை படித்தவருக்கு இடியும் சீறலும் கோளாறு. ரிப்பேர்காரருக்கு அது எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வரவழைக்கலாம் என்று தெரியும்.

இந்தப் பாட்டுகள் எதைப் பாடின என்பதையும் கவனியுங்கள். வேர் ரெகே என்பது ராஸ்தஃபாரி மார்க்கத்தாரின் குரல். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரன்கள் ஆப்பிரிக்காவை நினைத்துப் பாடியது. பசி, போலீஸ், கட்சிச் சண்டை. 1976-ல் ஜமைக்காவில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். வாட்டர்ஹவுஸில் துப்பாக்கிச் சத்தம் அதிகமாகி, அந்தப் பகுதிக்கே ‘ஃபயர்ஹவுஸ்’ என்று பெயர் விழுந்தது. அந்தத் தெருவில் உட்கார்ந்துதான் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, இடைவெளியை ஒலிக்க வைத்தார் மனிதர். எனக்கென்னவோ, சொல் இருந்ததைவிட அது அறுந்து நின்ற இடத்தில்தான் பயம் அதிகம் தெரிகிறது.

அகஸ்டஸ் பாப்லோ என்பவர் மெலோடிகா வாசிப்பார். பள்ளிப் பிள்ளைகள் வாயால் ஊதிக்கொண்டே கட்டையை அழுத்தும் வாத்தியம். அவர் தயாரித்து ஜேக்கப் மில்லர் பாடிய ஒரு காதல் பாட்டை டப்பி பிரித்துப் போட்டார். ‘கிங் டப்பிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ என்று பெயர். முன்பக்கத்தை விடப் பின்பக்கம் புகழ் பெற்றுவிட்டது. 1976-ல் அதே பெயரில் ஆல்பமும் வந்தது. ஒன்றே ஒன்று கேட்பதானால் அதைக் கேளுங்கள். டப் ஆல்பங்கள் எல்லாமே இப்படி இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். எக்கோவைக் கண்ட இடத்தில் தெளித்த ஆல்பங்கள் ஏராளம், பாதியில் தூக்கம் வரும்.

இனிக் கணக்கு. இது என்னை உறுத்தும் இடம். ட்ரம்ஸ்காரரும் பேஸ்காரரும் வாங்கியது பெரும்பாலும் பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தடவைக் கூலி. அந்த ஒரே டேப்பில் இன்னொரு பாடகர் பாடுவார், இன்னொருவர் பேசுவார், டப்பி பத்து விதமாகப் பிரிப்பார். ஒவ்வொன்றும் தனி ரெக்கார்டாக விற்கும். வாசித்தவர் பெயரில் வரவு ஏதும் ஏறாது. ஜமைக்கா தனக்கென ஒரு காப்புரிமைச் சட்டம் இயற்றியது 1993-ல்தான். அதுவரை பிரிட்டிஷ்காரர்களின் 1911-ம் ஆண்டுச் சட்டம். வாசித்த விரல்களால்தான் டப் நிற்கிறது. அவற்றின் கூலி அன்றோடு தீர்ந்தது. கேட்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. அதற்காகக் கேட்காமலும் இருக்க முடியவில்லை.

1985-ல் காசியோ கீபோர்டில் செய்த ஒரு தாளம் ஊரையே மாற்றியது. தயாரித்தவர் டப்பியின் பழைய சீடர் ஜாமி. டப்பியும் விடவில்லை, புது ஸ்டூடியோ கட்டிக் கணினித் தாளத்தில் இறங்கினார். 1989 பிப்ரவரி 6 அன்று ஸ்டூடியோ வேலை முடிந்து வந்தவரை வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். வயது 48. கொலைகாரனுக்குத் தண்டனை வாங்கித் தர யாராலும் முடியவில்லை. 2018-ல் யுனெஸ்கோ ரெகேயை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் சேர்த்தது.

வீட்டில் கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மொபைல் ஸ்பீக்கரில் போடாதீர்கள், பேஸ் வராது. பேஸ் இல்லாத டப், உப்பில்லாத ஊறுகாய். பெரிய ஸ்பீக்கரில் போட்டால் பேஸ் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுப் பாத்திரத்தை ஆட்டும், பிறகு சங்கத்துக்குப் புகார் வரும். நல்ல இயர்ஃபோன் போதும்.

இப்போது ஹாலில் இரண்டையும் போடுகிறேன். முதலில் மில்லர் பாடிய பக்கம், அடுத்து டப்பியின் பக்கம். குரல் எந்த இடத்தில் அறுகிறது என்று மட்டும் பாருங்கள். டீ அதற்குப் பிறகு.