கையிலிருக்கட்டும் மருந்து
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

இரயில்வே பார்சல் அலுவலக எழுத்தனாகிய அடியேன், பிறர் மூட்டைகளைத் தேடித் தந்தே பழகியவன். சென்ற ஆண்டு என் பெட்டியே காணாமற் போயிற்று. கப்பல் உலாச் செல்வதற்காகச் சிங்கப்பூருக்கு விமானமேறினோம். நாங்கள் இறங்கினோம்; பெட்டி வரவில்லை. கப்பலோ அன்று மாலையே புறப்படும். என் துணைவியாரின் இரத்த அழுத்த மாத்திரைகள் அப்பெட்டிக்குள் இருந்தன. அங்கு வைத்தவனும் நானே!

இரயில் தவறினால் அடுத்த இரயில் உண்டு. கப்பல் தவறினால் பயணமே தவறும். ஆயினும் அலுவலகப் பழக்கத்தால் வெறுங்கையோடு வெளியேறாமல், அங்கேயே முறையீடு எழுதி, எண்ணிட்ட நகல் பெற்றேன். கப்பல் தங்கும் துறைமுகங்களையும் தேதிகளையும் குறித்துக் கொடுத்தேன். பழைய மருத்துவச் சீட்டை அவ்வூர் மருத்துவரிடம் காட்டி மாத்திரை பெற்ற பின்னரே எனக்கு மூச்சு வந்தது. மூன்றாம் நாள் பினாங்குத் துறைமுகத்தில் பெட்டியும் வந்து சேர்ந்தது.

1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009இல் சேர்ந்தது. அதன்படி, வெளிநாட்டுப் பயணத்தில் 21 நாட்களாகியும் வாராத பெட்டிக்கு இழப்பீடு கோரலாம். தாமதமாக வந்தால், பெற்ற 21 நாட்களுக்குள்ளும், சேதமுற்றிருந்தால் 7 நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். பெட்டிக்குரிய சீட்டையும், இடையில் வாங்கிய பொருள்களின் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

கப்பலுக்கு ஒரு நாள் முன்னரே சென்று சேருங்கள். மருந்து, கடவுச்சீட்டு, மாற்றுடை ஆகியன கைப்பையிலேயே இருக்கட்டும். என் துணைவியார் இப்பொழுது மாட்டுங்கா செல்வதானாலும் மாத்திரையைத் தாமே எடுத்து வைத்துக்கொள்கிறார், என்னை நம்புவதில்லை!