சரளைப் பாதைக்கு ஏற்ற சைக்கிள்

தார் போடாத பாதையிலே நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுவது இன்று உலகில் ஒரு தனிப் பந்தயமாகவே வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் கான்ஸாஸ் மாநிலத்து எம்போரியா என்னும் ஊரில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய பந்தயம் ஒன்றில் 200 மைல் தூரத்தைப் பெரும்பாலும் சரளையின் மேலேயே கடக்க வேண்டும். அங்குள்ள சிக்கிமுக்கிக் கல் கத்தி போன்றது, டயரைக் கீறிவிடும். 2022இல் இத்தாலியிலே இதற்கென உலக வாகைப் போட்டியும் நடந்தது. ஆயினும் கொங்கு நாட்டவருக்கு இதில் என்ன புதுமை? இருமருங்கும் கிளுவை வேலி நிற்க, நடுவே வண்டித் தடம் ஓடும் இட்டேரியிலே சைக்கிள் மிதித்துத்தான் நான் பல்லாண்டுகள் பள்ளிக்குப் போய்வந்தேன்.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் சூலூரில் என்னைக் காண வந்தார். 200 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டம் ஒன்றில் சேர விரும்பினார். அவர் அன்னையார் விசைத்தறிக் கூடத்தில் உழைத்துச் சேமித்த பணம் அவர் கையில் இருந்தது. "ஐயா, எந்தச் சைக்கிள் வாங்குவது?" என்று கேட்டார். கடைக்காரர் காட்டியதோ கார்பன் இழையால் ஆனது. விலை அன்னையாரின் சேமிப்பைப்போல் இரு மடங்கு. அவருக்கு நான் கூறியவற்றையே உங்களுக்கும் கூறுகிறேன்.

முதலில் டயரைப் பாருங்கள். சட்டத்தின் பளபளப்பைப் பிறகு பார்க்கலாம். தார்ச்சாலைப் பந்தய வண்டியின் டயர் 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலமுள்ளது. சரளைக்கு 40 மில்லிமீட்டராவது வேண்டும். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. நம் தாத்தாமார் ஓட்டிய பெரிய சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர்! இன்றைய பந்தயக்காரர்கள் சுற்றி வளைத்து வந்து சேர்ந்த அகலத்தில் பால்காரர்கள் என்றோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அகலம் ஏன் வேண்டும்? எளிய கணக்கு. ஒரு சக்கரம் 40 கிலோ, அதாவது ஏறத்தாழ 88 பவுண்டு சுமக்கிறது என்று கொள்வோம். காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு ஆனால், டயர் தரையில் படியும் பரப்பு ஒரு சதுர அங்குலத்தைவிடச் சற்றே அதிகம். அழுத்தத்தை 40 ஆகக் குறைத்தால் அப்பரப்பு இரு மடங்காகிறது. டயர் கல்லின் மேல் துள்ளாமல் அதனைத் தழுவிச் செல்லும். மெல்லிய டயரில் இவ்வளவு குறைத்தால் கல் மோதும்போது டியூப் ரிம்முக்கிடையே நசுங்கிப் பஞ்சராகும். அகன்ற டயரில் அவ்வச்சம் குறைவு. ஆகவே கல்லைப்போல் இறுகக் காற்றடிப்பதே நல்லது என்னும் எண்ணத்தை இட்டேரிக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

சட்டம் உருக்கினால் ஆனதா, அலுமினியமா, கார்பனா? 1913இல் பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தில் யூஜின் கிறிஸ்டோப் என்பவர் டூர்மலே மலையிலிருந்து இறங்கும்போது அவர் வண்டியின் முன்கவை முறிந்தது. பிறர் உதவி பெறலாகாது என்பது விதி. பத்துக் கிலோமீட்டருக்கு மேல் வண்டியைச் சுமந்து நடந்து, ஒரு சிற்றூர்க் கொல்லுப்பட்டறையை அடைந்து, தாமே உலையில் இரும்பைக் காய்ச்சி இணைத்தார். துருத்தி ஊதச் சிறுவன் ஒருவன் உதவினான் என்பதற்காக அதற்கும் தண்டனை விதித்தார்கள்! அத்தண்டனை எனக்கு இன்றளவும் நியாயமாகப் படவில்லை. அது கிடக்கட்டும். உருக்குச் சட்டம் முறிந்தால் நம் ஊர்ப் பட்டறையில் பற்றவைக்கலாம். கார்பன் முறிந்தால் அங்கே ஒன்றும் செய்ய இயலாது. மாணவர் உருக்குச் சட்டத்தையே தேர்ந்தார். மீந்த பணத்தை நல்ல டயருக்கும் விளக்குக்கும் வைத்துக்கொண்டார்.

சட்டத்துக்கும் டயருக்கும் இடையே இரு பக்கமும் விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். மழையில் நனைந்த கரிசல் மண் அவ்விடத்தில் அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றாது. பிறகு சைக்கிள் உங்களைச் சுமக்காது, நீங்கள் அதனைச் சுமக்க வேண்டும். பிரேக், மழையிலும் பிடிக்கும் வட்டத்தகட்டுப் பிரேக்காக இருத்தல் நலம்.

இனிக் கியர். பிரான்சுச் சுற்றிலே செயினை இடம் மாற்றும் கியருக்கு 1937 வரை இடமே தரவில்லை. அது வீரத்துக்கு இழுக்கு என்று சிலர் கருதினார்கள். ஆடி மாதத்தில் காங்கேயத்திலிருந்து சூலூருக்கு மேற்கு நோக்கி வந்து பார்த்திருந்தால் அப்படிக் கருதியிருக்க மாட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே பாய்ந்து வரும் அக்காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலைப் பக்கங்களில் காற்றாலைகளை நிறுவினார்கள். காலையில் முதுகைத் தள்ளி மகிழ்வித்த காற்று மாலையில் மார்பைப் பிடித்து நிறுத்தும். முன்பல் 44, பின்பல் 22 ஆனால், பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் இரு சுற்று, வண்டி 4.4 மீட்டர் ஓடும். 32க்கு 32 ஆனால் 2.2 மீட்டர்தான், ஆனால் முழங்கால் நோகாது. 200 கிலோமீட்டருக்கு உலக வழக்கப்படி அளிக்கப்படும் நேரம் பதின்மூன்றரை மணி. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்கூட ஆகவில்லை! வேகம் பெரிதன்று, நில்லாமல் செல்வதே பெரிது. எனவே மிகச் சிறிய கியர் உள்ள வண்டியைக் கேட்டு வாங்குங்கள்.

நிற்க வைப்பது பெரும்பாலும் முள். நெருஞ்சி முள் சிறிது. சீமைக்கருவேல முள் அகன்ற டயரையும் ஊடுருவும். டியூப் இல்லாத டயரில் ஊற்றும் அடைப்புப் பால் சிறு துளைகளைத் தானே மூடிக்கொள்ளும். ஆனால் நம் வெயிலில் அது விரைவில் உலர்ந்துவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் ஊற்ற வேண்டும். அச்செலவு இயலாதவர் டியூபே போடலாம். மாற்று டியூப் இரண்டு, பம்பு, ஒட்டுப்போடும் பொருள்கள், டயர் கழற்றும் நெம்பிகள் ஆகியவை பையில் இருக்கட்டும். புது டியூபை மாட்டுமுன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். பழைய முள் அங்கேயே இருந்தால் இரண்டாவது டியூபும் பத்தடியில் போய்விடும். இதனை இருட்டுமுன் வீட்டுத் திண்ணையிலே நாலைந்து முறை பழகிக்கொள்ளுங்கள். இட்டேரியில் விளக்கு வெளிச்சத்தில் முதன்முறை செய்வது கடினம்.