கூட்டலாம்; கட்டலாகுமா?

(பொழிவின் எழுத்து வடிவம்)



மாநில உரிமை பேசுவோர்க்கு அமெரிக்க அரசியல் யாப்பின் ஐந்தாம் பிரிவின்மேல் தனிக்காதல் உண்டு. கரணியம் வெளிப்படை. இந்திய அரசியல் சட்டத்தின் 368ஆம் பிரிவின்படி, திருத்தத்தைத் தொடங்கும் உரிமை நாடாளுமன்றத்திற்கே உரியது. மாநிலங்கள் கெஞ்சலாம், தொடங்க இயலாது. அமெரிக்காவிலோ, 50 மாநிலங்களுள் 34 வேண்டினால், நடுவண் மன்றமாகிய பேராயம் திருத்த மாநாட்டைக் கூட்டியே ஆகவேண்டும். இதுவன்றோ தன்னாட்சி என்று இங்குள்ளோர் வியக்கின்றனர். வியப்பு தக்கதே. ஆயினும் அம்மாநாடு இன்றுவரை ஒருமுறையேனும் கூடியதில்லை. இதுவரை நிறைவேறிய 27 திருத்தங்களும் பேராயமே முன்மொழிந்தவை. ஏன்?

விடை 1787இல் இருக்கிறது. அன்று 13 மாநிலங்களையும் பிணைத்திருந்தது கூட்டரசு உடன்படிக்கை. அதனைத் திருத்துவது ஒன்றே பணி எனப் பிப்ரவரியில் பேராயம் வரையறுத்தது. மே 25இல் பிலதெல்பியாவில் மாநாடு தொடங்கியது. கதவை அடைத்தனர், உள்ளே பேசுவது வெளியே செல்லலாகாது என விதித்துக்கொண்டனர். நியூயார்க்குப் பேராளர் மூவருள் இருவர், வரம்பு மீறப்படுவதைக் கண்டு சூலையிலேயே வெளியேறினர். செப்டம்பர் 17இல் கதவு திறந்தது. திருத்திய உடன்படிக்கையா வந்தது? இல்லை, முற்றிலும் புதியதோர் யாப்பு வந்தது! வந்திருந்த 55 பேருள் ஒப்பமிட்டோர் 39 பேர்.

அதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்று. பழைய உடன்படிக்கையை மாற்ற 13 மாநிலங்களும் இசையவேண்டும். மாநாடோ, ஒன்பது மாநிலங்கள் ஏற்றாலே புதிய யாப்பு நடைமுறைக்கு வரும் என எழுதிக்கொண்டது. உரோடு தீவு பேராளரையே அனுப்பவில்லை. அது 1790 மேத் திங்களில் ஒப்புக்கொண்டபோது, வாசிங்டன் குடியரசுத் தலைவராகி ஓராண்டு கடந்துவிட்டது.

விளைந்தது நன்மையன்றோ என்பர். ஆம், நன்மையே. நன்மை விளைந்ததனால் வரம்பு மீறவில்லை என்றாகிவிடுமா?

இனி ஐந்தாம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பேராளரை யார் தேர்ந்தெடுப்பது? விடையில்லை. மாநிலத்திற்கொரு வாக்கா, மக்கள்தொகைக்கேற்ற வாக்கா? அதற்கும் விடையில்லை. வயோமிங்கில் ஆறு இலக்கத்திற்கும் குறைந்த மக்கள்; கலிபோர்னியாவில் ஏறத்தாழ நான்கு கோடிப் பேர். ஒரே பொருள்பற்றிக் கூட்டிய மாநாடு வேறு பொருளைக் கையில் எடுத்தால் தடுப்பவர் யார்? சட்ட அறிஞரிடையே அங்கு இன்றும் இதில் ஒருமைப்பாடில்லை.

நடுவணரசின் வரவும் செலவும் சமமாதல் வேண்டும் என்னும் திருத்தத்திற்காக 1983க்குள் 32 மாநிலங்கள் மாநாடு வேண்டின. இன்னும் இரண்டே குறை! அப்போதுதான் அச்சம் பிறந்தது. 1988 தொடங்கி அலபாமா, புளோரிடா முதலியன தம் வேண்டுகையைத் திரும்பப் பெற்றன. திரும்பப் பெறுதல் செல்லுமா? பிரிவு வாய்திறக்கவில்லை.

மாநாடு எதை எழுதினாலும் 38 மாநிலங்கள் ஒப்பவேண்டுமே, பின் அச்சமென்ன என்பார் உளர். வலுவான உரைதான்; 13 மாநிலங்கள் மறுத்தால் எத்திருத்தமும் வீழும். ஆனால் 1787இலும் அத்தகைய பூட்டு இருந்தது. அதனினும் வலிய பூட்டு. பூட்டையே மாற்றியவர்கள் மாநாட்டினர்.

அச்சுறுத்தலுக்கோ பயனுண்டு. மேலவை உறுப்பினரை மக்களே நேரில் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பதை அம்மேலவையே நெடுங்காலம் தடுத்துவந்தது. மாநிலங்களின் மாநாட்டு வேண்டுகைகள் குவியவே, 1912இல் பேராயம் தானே திருத்தத்தை முன்மொழிந்தது. 1913இல் அது நிறைவேறியது. மாநாடு கூடாமலே கருமம் முடிந்தது!

இந்திய யாப்பிலும் இவ்வுரிமை வேண்டுமெனக் கேட்போர் கேட்கட்டும், கேட்கவேண்டியதே. பேராளர் தேர்வு, வாக்குமுறை, பேசுபொருளின் எல்லை, வேண்டுகையைத் திரும்பப் பெறும் வழி ஆகியவற்றையும் அப்பிரிவுக்குள்ளேயே எழுதித் தருமாறு கேட்கவேண்டும். பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது கூடாது. அமெரிக்காவில் அப்படித்தான் விட்டார்கள். 1971இல் இதற்கொரு நடைமுறைச் சட்டத்தை மேலவை நிறைவேற்றியது. கீழவையில் அது கிடப்பிலேயே மடிந்தது.