வண்ண மீன்களுக்கு உயிர் உணவு: ஆதாயமும் அபாயமும்

கொல்கத்தா, ஹவுரா பகுதிகளில் வண்ண மீன் வளர்ப்பு குடிசைத் தொழிலாக நடைபெற்று வருகிறது. முட்டையினின்று வெளிவந்த மீன் குஞ்சு, அசையும் நுண்ணுயிரைத் துரத்தி உண்ணுமேயன்றி உலர் தீவனத்தை எளிதில் ஏற்பதில்லை. முதல் சில நாட்களில் உயிர் உணவு கிடைக்காவிடில் குஞ்சுகள் பெருமளவில் மடிகின்றன. வளர்ப்போரின் முதலும் மடிகிறது.

ஆயின் அவ்வுணவு எங்கிருந்து வருகிறது என்பதும் கருதத்தக்கது. சாக்கடைச் சேற்றில் திரட்டப்படும் டியூபிஃபெக்ஸ் புழு மலிவானது, புரதம் மிகுந்தது. அச்சேற்றிலுள்ள ஈயம், காட்மியம் முதலிய உலோகங்களும் நோய்க் கிருமிகளும் புழுவுடன் தொட்டியை அடையக்கூடும். ஓடும் நீரில் ஓரிரு நாள் வைத்தால் அதன் குடற்கழிவு நீங்கும். உடலில் சேர்ந்த உலோகம் எளிதில் நீங்காது. மலிவு எனப்படும் விலையில் மடிந்த மீனின் விலையும், கழிவுநீரில் நின்று புழு திரட்டுவோரின் உடல்நலமும் சேர்க்கப்படுவதில்லை.

உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியாவின் முட்டைகள் உப்பு நீரில், 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், சுமார் 24 மணி நேரத்தில் பொரிக்கும். விலையோ சிறு வளர்ப்போருக்குப் பெருஞ்சுமை. சாணமும் கடலைப் பிண்ணாக்கும் கரைத்த சிமெண்ட் தொட்டியில் மொய்னா எனும் நன்னீர் மிதவை உயிரை வளர்ப்பது அவர்களால் இயலும். 2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் கொல்லைப்புற வண்ண மீன் அலகுகளுக்கு மானியம் வழங்க வகை செய்தது. இத்தகைய அலகுகளின் மதிப்பீட்டில் உணவுத் தொட்டியின் செலவையும் தொடக்கத்திலேயே சேர்த்தல் வேண்டும்.